அடிக்கடி பழுதாகும் கார்: பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

புனே: புதிதாக வாங்கிய கார் சில வாரங்களிலேயே சர்வீஸ் சென்டருக்குச் செல்கிறது. சரிசெய்து தரப்பட்ட சில நாட்களில் அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது. மூன்றாவது, நான்காவது முறை சென்றாலும் "பழுது எதுவும் தென்படவில்லை" என்ற பதிலே கிடைக்கிறது. கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கிக் கடனுக்கான மாதத் தவணை மட்டும் தவறாமல் கழிக்கப்படுகிறது. இத்தகைய நிலையில் உள்ள உரிமையாளர், காரை மாற்றித் தரும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ கோர முடியுமா?

முடியும். ஆனால், இத்தனை முறை பழுதானால் கார் மாற்றித் தரப்பட வேண்டும் என்று எண்ணிக்கையைக் குறிப்பிடும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. எனவே, காரில் இருப்பது உற்பத்திக் குறைபாடு என்பதை உரிமையாளரே ஆவணங்கள் மூலமும் தொழில்நுட்பச் சான்று மூலமும் நிறுவ வேண்டியுள்ளது. இதில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறுவதற்கு முன்பே, சர்வீஸ் சென்டரில் எழுதப்படும் காகிதங்களில் முடிவாகிவிடுகின்றன.

கராடி போன்ற பகுதிகளில் கூடுதல் சிக்கல்

புனே நகரின் கிழக்குப் பகுதியில் உள்ள கராடி, ஈஆன் ஐடி பார்க், வேர்ல்டு டிரேடு சென்டர் போன்ற அலுவலக வளாகங்களால் வளர்ந்த இடமாகும். தமிழகம் உள்பட பல மாநிலங்களைச் சேர்ந்த தகவல் தொழில்நுட்பப் பணியாளர்கள் இங்கு வசிக்கின்றனர். புனே மெட்ரோ ரயில் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ராம்வாடி வரை நீட்டிக்கப்பட்டது. அங்கிருந்து வாகோலி வரையிலான நீட்டிப்புக்கு மத்திய அமைச்சரவை 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. மெட்ரோ வந்து சேரும் வரை நகர் சாலை, கராடி பைபாஸ், முண்ட்வா பாலம் ஆகியவற்றைக் கடந்து செல்வோருக்குச் சொந்த வாகனமே பெரும் துணையாக உள்ளது.

நெரிசலில் ஊர்ந்து செல்லும் பயணம் காரின் சில பாகங்களை விரைவாகத் தேய்க்கக் கூடியது. கிளட்ச் மிதியில் காலை வைத்தபடியே நகர்ந்தால் கிளட்ச் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஏ.சி., விளக்கு ஆகியவற்றை இயக்கியபடி குறுகிய தூரம் மட்டும் ஓட்டினால் பேட்டரி முழுமையாக மின்னேற்றம் பெறாது. பி.எஸ்.-6 தரத்திலான டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உள்ளது. அந்தக் கரி எரிந்து வெளியேற, கார் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓடி, புகைபோக்கி போதிய அளவு சூடாக வேண்டும். நெரிசலில் மட்டுமே ஓடும் காரில் இது நடைபெறாததால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

மழைக்காலத்தில் தேங்கிய நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்தால், என்ஜினுக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராடு வளையும் அபாயம் உண்டு. இத்தகைய சேதம் வாரண்டிக்குள் வராது. சாதாரண காப்பீட்டிலும் இழப்பீடு பெறுவது கடினம். என்ஜின் பாதுகாப்புக்கெனக் கூடுதல் பிரீமியம் செலுத்தியிருந்தால் மட்டுமே ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும். நின்றுபோன காரை இழுவை வண்டி மூலம் கொண்டு செல்வதே சரியான வழியாகும்.

மூன்று வகைப் பழுதுகள்

காரில் ஏற்படும் பழுதுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, பயன்பாட்டால் தேயும் பாகங்கள்: பிரேக் பேட், கிளட்ச், டயர், வைப்பர் போன்றவை. பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி நிபந்தனைகள் இவற்றை விலக்கியோ வரம்புக்கு உட்படுத்தியோ உள்ளன. இரண்டாவது, சூழலாலும் கையாளும் முறையாலும் வருபவை: நீர் புகுதல், கலப்பட எரிபொருள், எலி கடித்த வயர்கள் போன்றவை. மூன்றாவது, வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள பிழையால் வருபவை. சட்டப்படி காரை மாற்றித் தரக் கோருவதற்கு இந்த மூன்றாவது வகையே அடிப்படையாகும்.

வழக்கு என்று வந்துவிட்டால், பழுது முதல் இரண்டு வகைகளைச் சேர்ந்தது என்று நிறுவனம் வாதிடுவது வழக்கம். கார் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியிருப்பதே அதில் உற்பத்திக் குறைபாடு இல்லை என்பதற்குச் சான்று என்ற வாதமும் முன்வைக்கப்படுகிறது. பழுது முதன்முதலில் எந்தத் தேதியில், எத்தனையாவது கிலோமீட்டரில் தோன்றியது என்ற பதிவே இவ்வாதங்களுக்கு உரிமையாளர் தரக்கூடிய வலுவான பதிலாகும்.

பிற நாடுகளில் 'லெமன் சட்டம்'

ஓயாமல் பழுதாகும் காரை அமெரிக்காவில் 'லெமன்' என்று அழைக்கின்றனர். அங்குள்ள கனெக்டிகட் மாநிலம் 1982-ஆம் ஆண்டு இத்தகைய கார்களுக்கென்றே சட்டம் இயற்றியது. பின்னர் மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. கலிபோர்னியா சட்டத்தின்படி, முதல் 18 மாதங்கள் அல்லது 18,000 மைல்களுக்குள் ஒரே பழுது நான்கு முறை சரிசெய்யப்பட்டும் தீரவில்லை என்றால் நிறுவனத்துக்குப் போதிய வாய்ப்பு அளிக்கப்பட்டதாகவே கருதப்படும். உயிருக்கு ஆபத்தான பழுது என்றால் இரண்டு முறையே போதும். மொத்தம் 30 நாட்களுக்கு மேல் கார் பணிமனையில் கிடந்தாலும் அவ்வாறே கருதப்படும்.

தமிழர்கள் அதிகம் வாழும் சிங்கப்பூரில் 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் இத்தகைய சட்டம் அமலில் உள்ளது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறைபாடு, விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பனையாளரைச் சாரும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், குறைபாடுள்ள பொருளை முதல் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறும் உரிமையை அளிக்கிறது.

இந்த நாடுகளின் சட்டங்களில் நாட்கள் அல்லது பழுதுகளின் எண்ணிக்கை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் அந்த வரையறை இல்லாததால், ஒவ்வொரு வழக்கும் அதனதன் சான்றுகளைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது.

இந்தியச் சட்டம் தரும் உரிமை

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பெரும்பகுதி 2020-ஆம் ஆண்டு ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. பொருளின் தரம், அளவு, செயல்திறன், தூய்மை ஆகியவற்றில் சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய நிலையிலிருந்து ஏற்படும் குறைவு, 'குறைபாடு' என இச்சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. குறைபாடு நிரூபணமானால், பழுதை நீக்கித் தரவும், புதிய பொருளை மாற்றித் தரவும், விலையை வட்டியுடன் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம்.

பழைய சட்டத்தில் இல்லாத 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற தனி அத்தியாயமும் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. குறைபாடுள்ள பொருளால் நுகர்வோருக்குத் தீங்கு நேர்ந்தால் தயாரிப்பாளர், விற்பனையாளர், பழுதுநீக்கும் சேவை அளிப்பவர் ஆகியோர் எந்தெந்தச் சூழலில் பொறுப்பாவர் என்பதை அது விளக்குகிறது.

உச்ச நீதிமன்றம் கூறியவை

கார் குறைபாடு தொடர்பாக உச்ச நீதிமன்றம் பல்வேறு காலகட்டங்களில் அளித்த தீர்ப்புகள், சட்டம் நடைமுறையில் எவ்வாறு செயல்படுகிறது என்பதைக் காட்டுகின்றன.

கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் 2006-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நீதிமன்றம், வாரண்டி என்பது குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவது பற்றியதே என்றும், அதற்காக முழு காரையும் மாற்றித் தர உத்தரவிட்டது சரியல்ல என்றும் கூறியது. ஒரு பாகத்தின் பழுது முழு காரின் பழுதாகாது என்று வாதிடும் நிறுவனங்கள் இன்றும் இத்தீர்ப்பை மேற்கோள் காட்டுகின்றன.

ஃபியட் இந்தியா நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2010-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வேறொரு வழி காட்டப்பட்டது. தற்சார்புடைய தொழில்நுட்ப நிபுணர் காரை ஆய்வு செய்ய வேண்டும் என்றும், உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருப்பதாக அவர் கருதினால் காரின் விலையை வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்றும் நீதிமன்றம் தெரிவித்தது.

ஹூண்டாய் வழக்கு பாதுகாப்புச் சாதனம் பற்றியது. 2015-ஆம் ஆண்டு வாங்கப்பட்ட கிரெட்டா கார் 2017-ஆம் ஆண்டு நவம்பரில் டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானபோது அதன் ஏர்பேக்குகள் விரியவில்லை. டெல்லி மாநில நுகர்வோர் ஆணையம் மொத்தம் 3 லட்சம் ரூபாய் வழங்கவும், காரை மாற்றித் தரவும் உத்தரவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரமாகும்.

நிறுவனத்தின் பெயரில் வாங்கப்படும் கார் வணிக நோக்கம் கொண்டது என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்ற வாதமும் எழுவதுண்டு. இயக்குநரின் பயன்பாட்டுக்கென ஒரு நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் காரின் உட்பகுதி அளவுக்கு மீறிச் சூடானது குறித்த வழக்கில், 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 36 லட்சம் ரூபாய் திருப்பித் தரப்பட வேண்டும் என்று உத்தரவிட்டது.

பதினைந்து ஆண்டு காத்திருப்பு

அதே மாதம் 10-ஆம் தேதி வெளியான பி.எம்.டபிள்யூ வழக்கின் உத்தரவு, இத்தகைய சட்டப் போராட்டங்கள் எவ்வளவு காலம் நீளக்கூடும் என்பதைக் காட்டுகிறது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று வாங்கப்பட்ட 7 வரிசை கார், நான்கு நாட்களில் பழுதடைந்தது. நவம்பரில் மீண்டும் அதே பிரச்சினை தோன்றியது. உரிமையாளர் தரப்பு நுகர்வோர் ஆணையத்தை நாடாமல், மோசடிப் புகாராகக் காவல்துறையை அணுகியது.

2012-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், மோசடிக்கான முகாந்திரம் இல்லை என்று கூறி வழக்கை ரத்து செய்தது. அதேவேளை புதிய கார் வழங்கும்படி உத்தரவிட்டது. நிறுவனம் அதற்கு முன்வந்தும், பணமாகவே வேண்டும் என்று உரிமையாளர் தரப்பு மறுத்துவிட்டது. இறுதியில், அனைத்து உரிமைக்கோரல்களுக்கும் தீர்வாக 50 லட்சம் ரூபாய் வழங்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் கார் வாங்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் கடந்திருந்தன. நியாயமான தீர்வு எட்டும் தொலைவில் வரும்போது அதை ஏற்பதா, மறுப்பதா என்பதும் உரிமையாளர் எடைபோட வேண்டிய ஒன்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

நிபுணர் அறிக்கையின் பங்கு

குறைபாட்டைச் சோதனையின்றித் தீர்மானிக்க இயலாது எனில், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாட்களுக்குள் அறிக்கை பெறும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு உண்டு. அதற்கான கட்டணத்தை முதலில் மனுதாரர் செலுத்த வேண்டியிருக்கலாம். எனவே, புகார் மனுவுடனேயே தற்சார்பான ஆய்வு கோரித் தனி விண்ணப்பம் அளிப்பது நல்லது.

இந்த வகையில் புனே நகருக்குத் தனிச் சிறப்பு உண்டு. வாகனங்களுக்குத் தரச் சான்று வழங்கும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ. 1966-ஆம் ஆண்டு முதல் இந்நகரில் இயங்கி வருகிறது. மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனமான சி.ஐ.ஆர்.டி. போசரியில் அமைந்துள்ளது. தமிழகத்தில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் உலகளாவிய மோட்டார் வாகன ஆராய்ச்சி மையம் உள்ளது.

ஆய்வு முடியும் வரை காரை விற்பது, வெளிப் பணிமனையில் என்ஜினைப் பிரிப்பது, கூடுதல் மின் இணைப்புகளைப் பொருத்துவது ஆகியவை சான்றை அழித்துவிடக்கூடும்.

ஜாப் கார்டே முதல் சாட்சி

காரை ஒப்படைக்கும்போது சர்வீஸ் சென்டரில் எழுதப்படும் ஜாப் கார்டு, வழக்கின் முதன்மை ஆவணமாகும். 'பொதுச் சோதனை', 'வாடிக்கையாளர் புகார்' என்று மேலோட்டமாக எழுதப்பட்டால் அது பின்னாளில் உதவாது. எந்த வேகத்தில், எந்தச் சூழலில், எந்தச் சத்தம் அல்லது எந்த எச்சரிக்கை விளக்கு என்பது குறிப்பிடப்பட வேண்டும். முன்பு சரிசெய்யப்பட்ட பழுதே மீண்டும் வந்தது என்றால் பழைய ஜாப் கார்டின் எண்ணையும் அதில் எழுதச் செய்ய வேண்டும்.

விட்டுவிட்டு வரும் கோளாறுகள் பணிமனையில் கார் நிற்கும்போது வெளிப்படுவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும்போதே தேதி, கிலோமீட்டர் அளவு தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுத்து வைக்கலாம். காரின் கணினி பதிந்து வைத்துள்ள பழுதுக் குறியீடுகளின் அச்சுப் பிரதியையும் கேட்டுப் பெறலாம். கார் எத்தனை நாட்கள் பணிமனையில் நின்றது, அந்நாட்களில் வாடகை காருக்கு எவ்வளவு செலவானது என்ற கணக்கும் இழப்பீடு கோர உதவும்.

தொலைபேசியில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துவதும், வாரண்டி முடிவதற்குள் விற்பனையாளர், தயாரிப்பாளர் ஆகிய இருவருக்கும் எழுத்துபூர்வமாகத் தெரிவிப்பதும் அவசியம். விற்பனையாளர் செய்த தவறுக்குத் தயாரிப்பு நிறுவனம் தானாகவே பொறுப்பாகிவிடாது என்று டாடா மோட்டார்ஸ் தொடர்பான வழக்கில் 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே, இருவர் மீதான குற்றச்சாட்டையும் தனித்தனியே விளக்கி இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும்.

மாதத் தவணையை நிறுத்துவது தீர்வாகாது. கடன் ஒப்பந்தம் வங்கியுடன் செய்யப்பட்டது; காரின் தரம் குறித்த தகராறு அதைக் கட்டுப்படுத்தாது. தவணை தவறினால் கடன் மதிப்பெண் பாதிக்கப்படும்.

எங்கே, எவ்வாறு புகார் அளிப்பது?

முதற்கட்டமாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். இது நிறுவனத்துடன் சமரசத்துக்கு வழிவகுக்கும் ஏற்பாடு. தீர்ப்பு வழங்கும் அமைப்பு அல்ல. அதில் தீர்வு கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

பொருளுக்குச் செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையத்திலும், 2 கோடி ரூபாய் வரை எனில் மாநில ஆணையத்திலும், அதற்கு மேல் எனில் தேசிய ஆணையத்திலும் மனு அளிக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாயும், 20 லட்சம் வரை 400 ரூபாயும், 50 லட்சம் வரை 1,000 ரூபாயும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இணையம் வழியாகவும் மனு அளிக்கலாம். வழக்கறிஞர் இன்றி உரிமையாளரே வாதிடவும் சட்டம் அனுமதிக்கிறது.

மனுதாரர் வசிக்கும் அல்லது பணிபுரியும் இடத்திலேயே புகார் அளிக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கிய மாற்றமாகும். கோவையிலோ மதுரையிலோ கார் வாங்கி, பணி நிமித்தம் கராடியில் குடியேறிய ஒருவர், புனே மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்.

வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 'அடுத்த முறை சரியாகிவிடும்' என்ற உறுதிமொழியை நம்பிக் காத்திருப்போர் இந்தக் காலவரம்பைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும், அதை உரிமையாகக் கோர முடியாது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் வழக்குகள் அதைவிட நீளக்கூடும்.

ஒரே பழுது பலருக்கு இருந்தால்

ஒரே மாடலைச் சேர்ந்த பல கார்களில் ஒரே பழுது தோன்றினால் 'ரீகால்' நடைமுறை பொருந்தக்கூடும். 2012-ஆம் ஆண்டு முதல் வாகனத் தயாரிப்பாளர்கள் தாமாக முன்வந்து கார்களைத் திரும்பப் பெற்றுப் பழுதுநீக்கும் நடைமுறை உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், இதைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. இதற்கான விதிகள் 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன.

சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநர், பயணிகள், பிற சாலைப் பயனாளர்களுக்கோ தீங்கு விளைவிக்கக்கூடிய குறைபாடுகளுக்கே இது பொருந்தும். ஏ.சி. குளிர்ச்சி தராதது, கதவில் சத்தம் வருவது போன்றவை இதில் அடங்கா. ரீகால் பழுதுநீக்கத்துக்கு உரிமையாளரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ளிட்டு, தமது கார் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை அறியலாம். பழைய கார் வாங்குவோருக்கு இச்சோதனை மிகவும் அவசியம்.

பழைய கார் வாங்கும்போது

விற்பவருக்குக் காரின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு சந்தையையே பாதிக்கிறது என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பழைய கார் சந்தையை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். 2001-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் அவரும் ஒருவர்.

தனிநபரிடம் நேரடியாக வாங்கும் பழைய காருக்கு நுகர்வோர் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுவது கடினம். ஏனெனில் அவர் வணிகர் அல்லர். பழைய கார் வணிகம் செய்யும் நிறுவனத்திடம் வாங்கினால் அதன் மீது புகார் அளிக்கலாம். இத்தகைய விற்பனையாளர்கள் போக்குவரத்துத் துறையிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சர்வீஸ் வரலாறு, காப்பீட்டு இழப்பீட்டு விவரம், ரீகால் நிலை ஆகிய மூன்றையும் முன்பணம் அளிப்பதற்கு முன்பே சரிபார்ப்பது பாதுகாப்பானது.

வழக்கா, விற்பனையா?

வாரண்டிக் காலத்துக்குள் ஒரே பழுது திரும்பத் திரும்ப வந்து, அது ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் பதிவாகியிருந்தால், நுகர்வோர் ஆணையத்தை அணுகுவதில் பொருள் உண்டு. ஓட்டும்போது என்ஜின் நிற்பது, பிரேக் அல்லது ஸ்டீயரிங் செயலிழப்பது போன்ற பழுதுகள் உயிருக்கு ஆபத்தானவை என்பதால், தீர்வு வரும் வரை அக்காரை ஓட்டாமல் நிறுத்தி வைத்து, அதையும் நிறுவனத்துக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.

வாரண்டி முடிந்த பழைய காரில் ஒவ்வொரு மாதமும் வெவ்வேறு பாகம் பழுதாகிறது எனில், அது பெரும்பாலும் வயதின் விளைவே. ஓராண்டுப் பழுதுநீக்கச் செலவைக் காரின் தற்போதைய சந்தை மதிப்புடன் ஒப்பிட்டு, குறைகளை மறைக்காமல் விற்றுவிடுவதே அந்நிலையில் உகந்த முடிவாக அமையலாம். எந்த முடிவை எடுத்தாலும், முதல் நாள் ரசீதிலிருந்து கடைசி ஜாப் கார்டு வரையிலான கோப்பு கையில் இருப்பவருக்கே பேரம் பேசும் வலிமை கிடைக்கும்.